கோபுரம் கூடினால் வேகம் கூடுமா?

கேள்வி: எங்கள் தெருமுனையில் நிற்கும் கோபுரத்தின் அருகே 5ஜி இணைப்பு மிக வேகமாக இருக்கிறது. நான்கு தெரு தள்ளிப் போனால், திரையில் சிக்னல் கோடுகள் அவ்வளவாகக் குறையாதபோதும் வேகம் படுத்துவிடுகிறது. 6ஜி வரும்போது கூடுதல் கோபுரங்களை நிறுவினால் இக்குறை தீருமா?
– பொறியியல் மாணவி, மதுரை

பதில்: கோபுரங்களைக் கூட்டுவதால் மட்டும் தீராது. சிக்னல் இருந்தும் வேகம் இல்லை என்று நீங்கள் கவனித்திருப்பதிலேயே விடையின் பாதி இருக்கிறது. நான்கு தெரு தள்ளி உங்கள் அலைபேசிக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது அடுத்த கோபுரத்தின் குறுக்கீடு.

ஒரு நகரத்தைச் சிறு சிறு செல்களாக, அதாவது ஒவ்வொரு கோபுரமும் கவனித்துக்கொள்ளும் சிறு பரப்புகளாகப் பிரித்து, ஒரே அலைவரிசையை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை 1947இல் பெல் ஆய்வகத்தின் டி.எச்.ரிங் ஓர் உள்குறிப்பில் எழுதினார். தொடக்கக்கால வலையமைப்புகளில் அண்டைச் செல்கள் வெவ்வேறு அலைவரிசைகளைக் கையாண்டன. அலைவரிசை கிடைப்பதற்கு அரிய பொருளாகிவிட்டதால், இன்று அண்டைக் கோபுரங்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. கோபுரங்களை நெருக்கி நட்டால் உங்கள் கோபுரம் பக்கத்தில் வருவது உண்மையே. ஆனால் குறுக்கிடும் கோபுரங்களும் அதே அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன, எல்லைகளும் பெருகுகின்றன.

5ஜிக்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த இலக்குகளிலேயே இடத்துக்கு இடம் வேகம் மாறும் இந்த ஏற்றத்தாழ்வைக் காணலாம். உச்ச வேகம் நொடிக்கு 20 கிகாபிட். நெரிசலான நகரில் நூற்றுக்கு 95 பேருக்காவது கிடைக்க வேண்டிய வேகமோ நொடிக்கு 100 மெகாபிட், அதாவது இருநூறில் ஒரு பங்கு. விளம்பரங்கள் முதல் எண்ணைப் பேசுகின்றன. வலையமைப்பை வடிவமைப்பவர் கவலைப்பட வேண்டியது இரண்டாவது எண்ணைப் பற்றி என்பதே என் உறுதியான கருத்து.

அந்த இரண்டாவது எண்ணை உயர்த்த ஆய்வாளர்கள் முன்வைக்கும் வழி, செல் என்ற எல்லையையே எடுத்துவிடுவது. பெரிய கோபுரங்களில் குவிந்துள்ள ஆன்டெனாக்களைப் பிரித்து, தெருவிளக்குக் கம்பங்களிலும் கட்டடச் சுவர்களிலும் பரப்பி, அனைத்தையும் ஒரு மையக் கணிப்பொறியோடு இணைக்கிறார்கள். அலைபேசி ஓர் அடையாளச் சிக்னலை அனுப்ப, அதைக் கேட்கும் ஒவ்வோர் ஆன்டெனாவும் தனக்கும் அந்த அலைபேசிக்கும் இடையிலுள்ள வழித்தடத்தைக் கணித்துக்கொள்கிறது. பிறகு அருகிலுள்ள ஆன்டெனாக்கள் சேர்ந்து அந்த ஒருவருக்கு அனுப்புகின்றன. குறுக்கீடாக வந்திருக்க வேண்டிய அலை இப்போது உதவியாகிறது. நீங்கள் நடக்க நடக்க உங்களைச் சுற்றியுள்ள ஆன்டெனாக் குழுவும் மாறிக்கொண்டே வருவதால், எல்லையோரம் என்று ஓரிடம் இருப்பதில்லை.

கடினம் எங்கே என்றால், ஒத்திசைவில். தேர்வடம் பிடிப்பவர்கள் ஒரே கணத்தில் இழுக்காவிட்டால் தேர் நகராது. இங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்தும்விடும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 350 கோடி முறை அதிர்வது. தள்ளித் தள்ளி இருக்கும் ஆன்டெனாக்கள் அத்தகைய ஓர் அதிர்வின் சிறு பங்குக்குள் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். 4ஜி காலத்திலேயே கோபுரங்களைக் கூட்டாக இயக்கும் முறை தரநிலைகளில் சேர்க்கப்பட்டும் பரவலாக வேரூன்றவில்லை. கோபுரங்களுக்கிடையே செய்தி போய்ச்சேரும் தாமதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒவ்வொரு கம்பத்துக்கும் நம்பகமான ஒளியிழை இணைப்பு சென்றடையாமல் இத்திட்டம் நடைமுறைக்கு வராது. புதிய தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்புக்கான செலவில் பெரும்பங்கு மண்ணைத் தோண்டிக் கம்பி புதைப்பதில் போகும் என்பதைத் திட்டமிடுபவர்கள் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: இத்தனை ஆன்டெனாக்கள் இயங்கினால் மின்செலவு பெருகாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: எல்லாவற்றையும் எந்நேரமும் விழித்திருக்க விட்டால் பெருகும். யாரும் பேசாத வேளையிலும் ஒரு கோபுர நிலையம் கணிசமான மின்சாரத்தை இழுக்கிறது. ஆனால் ஒருவருக்குப் பல ஆன்டெனாக்கள் பொறுப்பேற்கும் அமைப்பில், நள்ளிரவில் சிலவற்றை உறங்கவிட்டாலும் அப்பகுதி இருளில் விழாது, மீதமுள்ளவை தாங்கிக்கொள்ளும். எவற்றை எப்போது உறங்கவிடுவது என்ற முடிவைத் தனித்தனி நிலையங்களிடம் விடாமல், முழு வலையமைப்பின் நெரிசலையும் பார்க்கும் மையக் கணிப்பொறியே எடுக்க வேண்டும்.