வளையம் போட்ட கால்

ஐயா,

ஸ்கோக்ஹோம் தீவுக்குப் போய்வந்ததை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ராத்திரியில் பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டுகிறார்கள் என்ற இடத்தில் மனசு ஒப்பவில்லை. பறக்கிற உயிரை எதற்குப் பிடிக்க வேண்டும்? பைனாகுலரில் பார்த்தால் போதாதா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்,

முதல் ராத்திரி எனக்கும் இதேதான் தோன்றியது. அன்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் கடைசி, நிலா இல்லாத இரவு. பிரிட்டனில் வேல்ஸின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 ஹெக்டேர் தீவு அது. மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் பொந்துகளை விட்டு வெளியே வந்து இறக்கையை அடித்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார் வளையமிடுபவர். உச்சந்தலையில் மட்டும் சாம்பல் நிறத் தூவி மிச்சம். கொக்கி அலகால் அவர் கட்டைவிரலை நன்றாகக் கடித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. குறட்டால் வளையத்தை மூடி, விளிம்புகள் சேர்ந்தனவா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். காலில் அது லேசாகச் சுழன்றது. வளையத்தில் பொறித்திருந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் இறக்கை நீளம், எடை. எடுத்த பொந்தின் வாயிலேயே திரும்ப வைத்தார்.

பறவைக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் அங்கே பயிற்சியும் உரிமமும் இல்லாதவர் வளையம் போட முடியாது. மழையிலும் பலத்த காற்றிலும் வலை விரிப்பதில்லை.

சரி, பைனாகுலர். பகலில் நானும் அதோடுதான் சுற்றினேன். ஆனால் ஷியர்வாட்டர் இருட்டில்தான் தரைக்கு வரும். கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் சரியாக நடக்க வராது. வெளிச்சத்தில் வந்தால் பெரிய கடற்காகங்கள் கொன்றுவிடும். அப்படியே பார்த்தாலும், போன வருஷம் வந்த பறவைதான் இது என்று எதை வைத்துச் சொல்வது?

1952 ஜூனில் இதே தீவின் ஷியர்வாட்டர் ஒன்றை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து பன்னிரண்டரை நாளில் தன் பொந்துக்கே வந்துவிட்டது. அதை அங்கே விட்ட விவரத்தைச் சொல்லும் கடிதம் பறவைக்குப் பின்னால்தான் வந்தது! காலில் ஏஎக்ஸ் 6587 என்ற எண் இல்லையென்றால் யார் நம்பியிருப்பார்கள்? வேல்ஸின் வடபகுதியில் உள்ள பார்ட்சி தீவில் 1957இல் வளையம் போட்ட பறவை 2003இல் மறுபடி கையில் கிடைத்தது. வளையம் போடும்போதே அது வளர்ந்த பறவை. அரைக் கிலோகூட இல்லாத உயிர், ஐம்பது வருஷம், ஒவ்வொரு வருஷமும் தென் அமெரிக்கா போய்த் திரும்பியிருக்கிறது. இதை அறிந்த பிறகு அந்தக் கடலில் எண்ணெய் கொட்டினாலோ, தீவுக்குள் எலி புகுந்தாலோ என்னால் சும்மா இருக்க முடியாது. ஐம்பது வருஷம் வாழக்கூடியது வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. வளர்ந்த பறவைகள் செத்தால் அந்த இடம் நிரம்பப் பல வருஷம் ஆகும்.

குஞ்சைப் பற்றிக் கடைசியாக ஒன்று. தாயும் தகப்பனும் முன்னாலேயே கிளம்பிவிடும். வழிகாட்ட யாரும் இல்லாமல் அது தனியாக அர்ஜென்டினாப் பக்கக் கடலுக்குப் போக வேண்டும். மறுநாள் இரவு அந்தப் பொந்துக்குப் போய்ப் பார்த்தேன். வாயில் கொஞ்சம் சாம்பல் தூவி மட்டும் ஒட்டியிருந்தது.