பழைய கெப்பில் கூடு கட்டி வார இறுதிப் பயணம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சரிவருமா?

கேள்வி: அமெரிக்கா, கனடாவில் இலையுதிர் காலத்து வார இறுதிகளில் பழைய டிரக் கேம்பரை (பின்தட்டில் படுக்கிற கூடு வைத்த வண்டியை) எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நமது கிழக்கிலங்கையில் அப்படிப் போகலாமா? எந்த மாதம் நல்லது, வண்டியை எப்படித் தயார்செய்வது?

போகலாம். நாங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். சித்தப்பா வெள்ளாமைக்கு வைத்திருந்த எண்பதுகளின் ஹைலக்ஸ் கெப் (பின்தட்டு திறந்த பிக்கப் வண்டி), அதன் பின்தட்டில் கழற்றி இறக்கக்கூடிய ஒரு மரக்கூடு. அவ்வளவுதான் எங்கள் கேம்பர்.

நமக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆனால் அதே மாதங்களில் நல்ல இடைவெளி ஒன்று கிடைக்கிறது. செப்டெம்பரில் கச்சான் காற்றின் வேகம் குறைந்திருக்கும், கிரவல் ரோட்டெல்லாம் காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து பின்னேரங்களில் இடியும் மழையும் தொடங்கிவிடும். ஆகவே செப்டெம்பரும் ஒக்டோபரின் முதல் பாதியும்தான் உங்கள் காலம். நவம்பரில் இந்தக் கரையோரத்தில் கூட்டுக்குள் படுக்கும் யோசனையே வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களே விடமாட்டார்கள்.

அடுத்தது கூடு. இதில்தான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே இரவில் குளிரும், அதனால் சுவருக்குள் பஞ்சு அடைத்து, சின்ன யன்னல் வைத்து, ஹீற்றர் பூட்டுகிறார்கள். அதே கூட்டை இங்கே கட்டினால் இரவு பத்து மணிக்கும் உள்ளே அவிந்துபோவீர்கள். நமக்குப் பிரச்சினை வெக்கையும் நுளம்பும். எங்கள் கூட்டில் இரண்டு பக்கப் பலகையும் கீலில் மேலே தூக்கி நிறுத்துகிற மாதிரி. தூக்கினால் அதுவே நிழல், உள்ளே முழு நீளத்துக்கும் நுளம்பு வலை. கூரைத் தகரத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு இன்னொரு பலகை. அந்த இடைவெளியால் காற்று ஓட வேண்டும், அடைத்துவிடாதீர்கள். திரைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி போட்டிருக்கிறோம். அது அம்மாவின் ஏற்பாடு, நன்றாகத்தான் இருக்கிறது.

பாரத்தைக் குறையுங்கள். தண்ணீர் 100 லீற்றர் என்றால் 100 கிலோ. உயரமாகக் கட்டினால் வளைவில் வண்டி சாயும். கூட்டை நிரந்தரமாகப் பூட்டி வண்டியின் உருவத்தை மாற்றுவதானால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்தப் பழைய 2.4 லீற்றர் டீசல் இஞ்சினுக்கு டர்போ கிடையாது. சூடேறினால் இஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். எங்கள் கராஜ் பாஸ் சொல்வது: "தம்பி, ஸ்பீட் போறத விடுங்க, ரேடியேட்டரையும் டைமிங் பெல்ட்டையும் பாருங்க." மணிக்கு 60 போதும். அதனால் மலைப்பக்கம் ஆசைப்படாதீர்கள். செங்கலடியிலிருந்து மகா ஓயா வரை சுகமாகப் போகலாம், விடியற்காலையில் அங்கே வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் பழைய வண்டிக்கு ஆகாது.

எனக்குப் பிடித்த வழி மட்டக்களப்பிலிருந்து தெற்கே. ஏ4 வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். நூறு கிலோமீற்றர் சொச்சம், பெரிய ஏற்றமே இல்லை. வழியில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வைத்தால் சிந்தும். அறுகம்பையில் அலைச்சறுக்கு சீசன் ஒக்டோபரோடு முடிவதால் கூட்டம் கலைந்துகொண்டிருக்கும், ஏதாவது விடுதி வளவுக்குள் பேசி வண்டியை நிறுத்தலாம். அப்புறம் பாணமை, அதைத் தாண்டி உகந்தை. உகந்தை முருகன் கோயிலில் கேட்டுவிட்டுத் தங்குங்கள், ஆடி மாதத்தில் கதிர்காம யாத்திரைக்காரர்கள் தங்கிப் போகிற இடம்தான் அது. பக்கத்திலேயே குமண தேசியப் பூங்கா வாசல். உள்ளே இரவு தங்க வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

யானை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவைக்குப் போகும் வழியில் லாகுகலைக் குளம் வற்றும் காலத்தில் புல் மேய யானைகள் கூட்டமாக வரும். பகலில் ரோட்டில் நின்றே பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் படுக்கவே கூடாது. கூட்டுக்குள் வாழைப்பழமும் உப்பும் இருந்தால் மரப்பலகை யானைக்கு ஒரு தடையே இல்லை. உன்னிச்சைப் பக்கமும் அப்படித்தான். எங்கே தங்கினாலும் ஊர் ஆட்களிடமோ பொலிஸிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இருட்டில் தெரியாத வண்டி நின்றால் யாராவது வந்து தட்டுவார்கள், அது நியாயமும்கூட.

வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய கெப்பின் விலையும் ஏறியது. பயணத்துக்கென்றே ஒன்று வாங்குவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். குடும்பத்தில் உழைக்கிற வண்டி இருந்தால் கூட்டை மட்டும் செய்யுங்கள். எங்களுடையதை ஒக்டோபர் கடைசியில் நாலு பேர் பிடித்து இறக்கி, மாமரத்தடியில் கல்லின்மேல் வைத்துவிடுவோம். கெப் பெரும்போகத்துக்கு உரமூட்டை ஏற்றப் போய்விடும்.