லீவர் ரைஃபிளும் வெறுங்கண் குறியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள நண்பர்கள் மான் வேட்டைக்குப் போவதைப் பார்த்து, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, 1970களில் செய்த ஒரு வின்செஸ்டர் 94 ரைஃபிள் வாங்கினேன். டிரிக்கரைச் சுற்றியுள்ள லீவரை முன்னே தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. .30-30 தோட்டா. குறிபார்க்கப் பின்னால் கொம்பு வளைந்த சைட், முன்னால் சிறு உருண்டை மணி வைத்த சைட். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லை.

ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) மேசைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலைத் தாங்கி 50 யார்டில் சுட்டேன். ஐந்து குண்டுகளும் குறிக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக நீளவாக்கில் விழுகின்றன. எங்கள் ரேஞ்ச் வடக்குப் பார்த்தது. மாலையில் சுட்டால் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்குகின்றன. வேகமாக லீவரை அடித்தால் தோட்டா சிக்குகிறது. “ஸ்கோப் மாட்டு, இல்லையென்றால் விற்றுவிடு” என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் அதே ரேஞ்சில் வயதானவர்கள் இதே ரைஃபிளை வெறுங்கண்ணால் சுட்டுவிட்டு அவ்வளவு சந்தோஷமாகப் போகிறார்கள். அந்தச் சந்தோஷம் எதில் இருக்கிறது? எனக்கு 46 வயது, படிக்கக் கண்ணாடி போடுகிறேன். இனிமேல் பழகிப் பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

விற்க வேண்டாம், ஸ்கோப்பும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் எதுவும் துப்பாக்கியின் கோளாறாகத் தெரியவில்லை. சைட்டைத் தொடுவதற்கு முன் மற்றதையெல்லாம் சரிசெய்யுங்கள். பாதிப் பேர் முதல் நாளே சுத்தியலை எடுத்துவிடுகிறார்கள், பிறகு எது எதனால் நகர்ந்தது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

முதலில் அந்த மரக்கட்டை. பேரலைக் கெட்டியான பொருளின்மேல் வைத்துச் சுட்டால், குண்டு வெளியேறும் கணத்தில் பேரல் அதிலிருந்து எகிறும், குண்டு மேலே போகும். பேரலைத் தாங்கவே கூடாது. ரிசீவருக்கு, அதாவது தோட்டா ஏற்றும் பாகங்கள் அடங்கிய உலோக உடலுக்குச் சற்று முன்னால், முன்கட்டையின் அடியில் மணல் மூட்டை வரட்டும். நின்று சுடும்போது உங்கள் இடது கை பிடிக்கும் அதே இடம். அடுத்து, குண்டுகள் நீளவாக்கில் விழுவது. 94இல் பேரலும் அதன் அடியில் தோட்டாக்களை வைக்கும் மேகசின் குழாயும் முன்கட்டையும் வளையங்களால் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பேரல் சூடாகி நீளும்போது அந்தக் கட்டு அதை ஒரு பக்கமாக இழுக்கும், குண்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். மூன்று குண்டு சுடுங்கள், பேரலைக் கையால் தொட்டு வெதுவெதுப்பு அடங்கும்வரை காத்திருங்கள், அப்புறம் அடுத்த மூன்று. மானைச் சுடும்போது ஆறிய பேரலின் முதல் குண்டுதான் கணக்கு. இந்த ரைஃபிள் வெறுங்கண் குறியில் 100 யார்டில் மூன்று அங்குலத்துக்குள் மூன்று குண்டுகளைப் போட்டால் அது நல்ல ரைஃபிள், நீங்களும் நல்ல சுடுநர்.

இப்போது சைட்டுக்கு வருவோம். புதிதாகச் சுடுபவர்கள் அந்தக் கொம்புகளைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். இரண்டு கொம்புகளுக்கும் நடுவே மணி மிதந்துகொண்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மணி உட்கார வேண்டிய இடம் கொம்புகளின் அடியில் இருக்கும் அந்தச் சிறு வெட்டு. 20 அங்குல பேரல் வைத்த 94இல் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். மணி அந்த வெட்டில் அரை மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் 100 யார்டில் குண்டு நான்கு அங்குலம் மேலே போய்விடும். அரை மில்லிமீட்டர் என்பது ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

கண் ஒரே நேரத்தில் மூன்று தூரங்களைத் தெளிவாகப் பார்க்காது. பின் சைட் மங்கட்டும், குறியும் மங்கட்டும். மணி மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். டிரிக்கர் விடுபடும் கணத்தில் “குண்டு எங்கே பட்டது” என்று கண் குறிக்குத் தாவும், அதோடு தலையும் கன்னம் பதியும் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எழும். அந்தத் தாவலை அடக்கக் கற்றுக்கொண்டாலே உங்கள் குழு, அதாவது தாளில் துளைகள் விழும் பரப்பு, பாதியாகச் சுருங்கும். சுட்ட பிறகும் மணியையே பார்த்துக்கொண்டிருங்கள். டிரிக்கர் விடுபட்டபோது மணி எங்கே நின்றது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். “கொஞ்சம் இடப்பக்கம், கீழே” என்று வாயால் சொல்லிவிட்டு, அதன் பிறகு தொலைநோக்கியில் தாளைப் பாருங்கள். சொன்னதும் விழுந்த துளையும் ஒத்துப்போகத் தொடங்கும் நாளில் உங்கள் கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். ஸ்கோப் குறியைப் பெரிதாக்கிப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது. இங்கே கண், கன்னம், தோள், விரல் நான்கும் சேர்ந்து ஒரு சின்ன மணியை அசையாமல் நிறுத்துகின்றன. அந்த வயதானவர்கள் அனுபவிப்பது இதைத்தான். பழைய காலத்து ஏக்கம் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். பெரும்பங்கு தேர்ச்சி தரும் சந்தோஷம்.

மணியின் அளவையும் கணக்கில் வையுங்கள். பதினாறில் ஒரு அங்குல மணி 100 யார்டில் ஏழரை அங்குல அகலத்தை மறைக்கும். வெள்ளைவால் மானின் நெஞ்சுப்பகுதியில் நீங்கள் குறிவைக்கும் இடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மணி அந்த இடத்தை முழுதாக மூடினால் தூரம் சுமார் 100 யார்டு என்று பொருள். மணிக்குள் மான் காணாமல் போகும் தூரத்தில் சுடவே கூடாது. தாளில் பழகும்போது எட்டு அங்குலக் கறுப்பு வட்டத்தை மணியின் தலையில் உட்காரவைத்துச் சுடுவது எளிது. வேட்டையில் மணியின் நடுவையே இடத்தின்மேல் வைப்பார்கள். இரண்டையும் கலக்காதீர்கள். எந்தப் பிடியில் சைட்டை அமைத்தீர்களோ அதே பிடியில் சுடுங்கள்.

மாலை நேர விலகலுக்குக் காரணம் வெயில். வடக்குப் பார்த்த ரேஞ்சில் மாலைச் சூரியன் உங்கள் இடப்பக்கம். உருண்டை மணியின் இடப்பாதி மட்டும் பளிச்சென்று மின்னும், கண் அந்த மினுக்கத்தையே மணி என்று எடுத்துக்கொண்டு வெட்டின் நடுவில் வைக்கும். உண்மையான மணி அப்போது வலப்பக்கம் தள்ளி நிற்கிறது, குண்டும் வலப்பக்கம் போகிறது. முன் சைட்டின்மேல் ஒரு சிறு உறை இருந்திருக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் கழற்றித் தொலைத்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள், விலை அதிகமில்லை. ரேஞ்சில் உடனடி வழி, மெழுகுவத்திப் புகையில் மணியைக் கறுப்பாக்கிக்கொள்வது. நிரந்தர வழி, கண்ணைப் பார்க்கும் முகம் தட்டையாக இருக்கும் மணி.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் குழு ஒரே பக்கம் விழுந்தால்தான் சைட்டை நகர்த்த வேண்டும். பின் சைட் எந்தப் பக்கம் போகிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும், முன் சைட் நேர் எதிர். விலகலைச் சைட்டுகளின் இடைவெளியால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு நகர்த்துவது என்று தெரியும். 50 யார்டில் மூன்று அங்குலம் மேலே விழுந்தால் பின் சைட்டை 0.7 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். உயரத்துக்கு அடியிலுள்ள படி வெட்டிய தகடு, பக்கவாட்டுக்குப் பித்தளைக் கம்பியும் சின்ன சுத்தியலும். இரும்புக் கம்பி நீலப் பூச்சைக் கீறிவிடும். தட்டுவதற்கு முன் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

லீவர் சிக்குவது பயத்தால். வேகத்தால் அல்ல, அவசரத்தில் பாதியில் நிறுத்தி இழுப்பதால் வருகிறது. லீவர் முன்னே கடைசிவரை போகும்போதுதான் கேரியர் என்னும் தூக்கி அடுத்த தோட்டாவை மேலே தூக்கும். அதற்கு முன்பே மூடினால் காலிக்கூடு உள்ளேயே கிடக்கும், அல்லது தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் வெறுமையாக மூடும். கையை முழுதாக நீட்டி, தடையில் முட்டும்வரை அடித்து, அதே வேகத்தில் இழுத்து மூடுங்கள். கட்டை தோளைவிட்டு இறங்கக் கூடாது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் முழுதாக உள்ளே தள்ளிவிடாமல், ரிசீவரின் பக்கத்திலுள்ள நிரப்பும் கதவில் சற்று நீட்டிக்கொண்டிருக்க விட்டு, அடுத்த தோட்டாவால் அதைத் தள்ளுங்கள், கட்டைவிரல் பிழைக்கும். தட்டை மூக்குள்ள தோட்டாவையே வாங்குங்கள், அல்லது இவ்வகைத் துப்பாக்கிக்கென்றே செய்த மிருதுவான நுனி வைத்தது. குழாயில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக இருப்பதால், கூர்முனைக் குண்டின் நுனி முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில், அதாவது தட்டினால் வெடிக்கும் அடிப்பகுதியில் பதிந்து நிற்கும். அதிர்ச்சியில் அது குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் காலத்து 94இல் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது, ஹேமரின், அதாவது பின்னால் தெரியும் தட்டுச் சுத்தியின், பாதி இழுத்த நிலைதான் பாதுகாப்பு. ஹேமரை இறக்கும்போது குழல் ஆபத்தில்லாத பக்கம் பார்த்திருக்கட்டும். கட்டைவிரல் ஹேமரை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும், ஈரக் கையோடு, கையுறையோடு வேண்டாம். குழாயைக் காலிசெய்ய ஒவ்வொரு தோட்டாவையும் அறைக்குள் ஏற்றித்தான் வெளியே எடுக்க முடியும். அதைச் செய்யும்போது விரல் டிரிக்கர் பக்கமே போகக் கூடாது.

ஸ்கோப் ஏன் வேண்டாம் என்கிறேன்? 1982க்கு முந்தைய 94 காலிக்கூட்டை நேர் மேலே வீசும், ஸ்கோப்பை நடுவில் மாட்ட இடமில்லை, பக்கவாட்டில்தான் மாட்ட வேண்டும். கட்டையும் தாழ்ந்த சைட்டுக்காக வளைக்கப்பட்டது, ஸ்கோப்பைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையைவிட்டுப் போய்விடும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த ரைஃபிளின் அழகே அதன் மெலிவும் எடையும்தான். மூன்று கிலோ அளவில் இருப்பதால் ரிசீவரை ஒரு கையால் சுற்றிப் பிடித்து நாள் முழுக்கக் காட்டில் நடக்கலாம். அந்தப் பிடியின்மேல் ஸ்கோப்பை ஏற்றினால் மிச்சமிருப்பது சாதாரணத் துப்பாக்கி.

46 வயதுக் கண் தடையில்லை. படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டருக்கானது, முன் சைட் உங்கள் கண்ணிலிருந்து 75 சென்டிமீட்டருக்கும் அப்பால். தூரப்பார்வை எண்ணோடு +0.50 சேர்த்து ஒரு கண்ணாடி போட்டுத்தரக் கேளுங்கள், பெரும்பாலோருக்கு அது பொருந்தும். அதுவும் போதாவிட்டால் ரிசீவர்மேல் மாட்டும் ஓட்டை சைட். ரிசீவரின் இடப்புறம் சிறு அடைப்புத் திருகுகள் இருக்கின்றனவா பாருங்கள், இருந்தால் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. பெரிய ஓட்டையையே வைத்துக்கொள்ளுங்கள். கண் தானாகவே அதன் நடுவைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் மணியை மட்டும் கவனித்தால் போதும். அதனோடு உயரமான முன் சைட்டும் தேவைப்படலாம்.

பழகுவதற்கு .22 லீவர் ரைஃபிள் ஒன்று இரவல் கிடைத்தால் 25 யார்டில் நின்றபடி சுடுங்கள். உதைப்பு இல்லாததால் மணியைக் கடைசிவரை பார்க்கும் பழக்கம் சீக்கிரம் வரும். அதன்பின் உங்கள் பகுதியில் லீவர் ரைஃபிள்களுக்கான இரும்பு உருவப் போட்டி நடத்தும் கிளப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 50 மீட்டரில் கோழி, 100இல் பன்றி, 150இல் வான்கோழி, 200இல் ஆடு, எல்லாம் நின்றபடி, தாங்கல் இல்லாமல். .30-30 குண்டு 100 யார்டில் நேராக அமைத்தால் 200 யார்டில் எட்டு அங்குலம் போலத் தாழும், ஆட்டுக்கு முதுகுக் கோட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். முதல் தடவை கோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.