ஃபிரிட்ஜ் வாங்க 400 வெள்ளிப் பற்றுச்சீட்டு

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஃபிரிட்ஜுக்கு 14 வயது. ராத்திரியெல்லாம் முனகுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருள் வாங்க அரசாங்கம் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டு இருக்கிறதே என்று கடைக்குப் போனால், மின்சிக்கன லேபிளில் நான்கு டிக் போட்ட பெரிய ஃபிரிட்ஜைக் காட்டி, "கரண்ட் பில் குறையும்" என்கிறார் விற்பவர். பழையதை எடுத்துப்போக 40 வெள்ளி தனியாம். வாங்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: முதலில் அந்த 40 வெள்ளியைப் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். புது ஃபிரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவரும் கடை, பழையது ஒன்றை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். 2021 ஜூலையிலிருந்து இது விதி. ரசீது போடும் முன்பே சொல்லிவிடுங்கள். லாரி கீழே நிற்கும்போது வாதாடினால் நமக்குத்தான் தலைவலி.

அப்புறம் டிக். பற்றுச்சீட்டு மூன்று டிக்கிலிருந்தே செல்லும். டிக் எண்ணிக்கை அந்தந்தக் கொள்ளளவுக்கு எவ்வளவு சிக்கனம் என்றுதான் சொல்லும். அதனால் நான்கு டிக் பெரியது, மூன்று டிக் சின்னதைவிட அதிகக் கரண்ட் இழுக்கலாம். கதவில் ஒட்டிய லேபிளில் ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டு மாடலுக்கும் 100 வித்தியாசம் என்றால், ஒன்றுக்கு 30 காசு வைத்து ஆண்டுக்கு 30 வெள்ளி. விலையில் 500 வெள்ளி வித்தியாசம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். மாவுச் சட்டியும் வார மீனும் வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது விற்பவரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வீவக குடும்பங்களுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, 2025 ஏப்ரலில் இன்னொரு 100. இரண்டையும் எடுத்தாயிற்றா என்று வீட்டில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக்கான அடையாளக் கணக்கு) வைத்திருப்பவரைக் கேளுங்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும், அவசரமில்லை. பணமாக மாற்ற முடியாது. அந்தக் கடை பற்றுச்சீட்டு வாங்குமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இது சும்மா வரும் பரிசு என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருவது. அப்படி எரிப்பதில் வெளியாகும் கரிம வாயுவுக்கு, டன்னுக்கு 5 வெள்ளியாக 2019இல் தொடங்கிய கரிம வரி 2024இல் 25, 2026இல் 45 என்று ஏறிவிட்டது. கட்டுவது மின்நிலையம்தான், ஆனால் அது கரண்ட் பில்லில் நம்மிடமே வந்து சேரும்.

ஒன்று மட்டும்: "தீபாவளிக்கு உதவும்" என்று பழைய ஃபிரிட்ஜைப் பின்கட்டில் ஓடவிடாதீர்கள். அப்படி வைத்தால் புதியது மிச்சப்படுத்துவதை அதுவே தின்றுவிடும்.