அணைக்க முடியாத நெருப்பை நம்பி ஒரு ராக்கெட்

கேள்வி: திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் இடையில் அணைக்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. எப்படிச் செயற்கைக்கோளைக் குறித்த சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விடுகிறது?

பதில்: அணைக்க முடியாது என்பது உண்மைதான். எரிபொருளும், அது எரிவதற்கான ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருளும் ஒன்றாகக் கலந்து ஒரே கட்டியாக இறுகியிருப்பதால், மூடி நிறுத்துவதற்கு அங்கே வால்வு எதுவும் கிடையாது. அலுமினியத் தூளையும் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் ரப்பர் தன்மையுள்ள பிசினில் குழைத்து, ராக்கெட்டின் உறைக்குள் வார்த்து, நடுவே நெடுக ஒரு துளை இருக்குமாறு இறுகவைக்கிறார்கள். இந்தக் கட்டி ஊதுபத்தியைப் போல நுனியிலிருந்து எரிந்து வருவதில்லை. துளையின் சுவர் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தீப்பற்றி, வெளிப்புறம் நோக்கி எரிந்து செல்கிறது. ஆகவே எந்த நொடியில் எவ்வளவு உந்துவிசை கிடைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தத் துளையின் வடிவமே. பறக்கும்போது செய்ய வேண்டிய கட்டுப்பாட்டில் பாதியை வார்ப்பு அச்சிலேயே செய்து முடித்துவிடும் இந்த நுட்பம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

ஆனால் அது மட்டும் போதாது. கணக்கிட்ட வேகத்துக்கும் உண்மையில் கிடைக்கும் வேகத்துக்கும் சிறிது வித்தியாசம் வரத்தான் செய்யும். ஜப்பான் 1970 பிப்ரவரி 11 அன்று, நான்கு தோல்விகளுக்குப் பின், வழிநடத்தும் அமைப்பே இல்லாத லாம்ப்டா 4எஸ் என்னும் சிறு திட எரிபொருள் ராக்கெட்டால் 24 கிலோ எடையுள்ள ஓசுமி செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. அரிய சாதனைதான், எனினும் அதன் பாதை பூமிக்கு அருகில் சுமார் 350 கி.மீ., தொலைவில் 5,000 கி.மீ.க்கும் மேல் என நீண்டு கிடந்தது. படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கு இத்தகைய பாதை உதவாது. அதனால்தான் எஸ்.எஸ்.எல்.வி.யில் மூன்று திட எரிபொருள் அடுக்குகளுக்கு மேலே, திரவ எரிபொருளில் இயங்கும் வேகச் சீரமைப்புப் பகுதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். 120 டன் ராக்கெட்டில் அதற்குரிய எரிபொருள் சுமார் 50 கிலோதான் என்றாலும், கீழ் அடுக்குகள் விட்டுவைத்த பிழையைத் திருத்தும் பொறுப்பு அதனுடையது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை 2022 ஆகஸ்ட் 7 அன்று நடந்த முதல் ஏவுதல் காட்டியது. மூன்று திட அடுக்குகளும் சரியாகவே எரிந்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வு, வேக மாற்றத்தை அளக்கும் உணரிகளான முடுக்கமானிகளின் எல்லையைச் சிறிது நேரம் தாண்டிவிட்டது. உணரிகள் பழுதாகிவிட்டன என்று முடிவுகட்டிய கணினி, அவற்றின் தரவை ஒதுக்கிவிட்டு மாற்றுவழிக்குத் தாவியது; வேகச் சீரமைப்புப் பகுதி இயங்கவில்லை. 356 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் நிற்க வேண்டிய செயற்கைக்கோள்கள், அதிகபட்சம் 356 கி.மீ., குறைந்தபட்சம் 76 கி.மீ. உயரம் கொண்ட நீள்வட்டத்தில் விழுந்து, காற்று மண்டலத்தில் சிக்கி அழிந்தன. தேவையான வேகத்தில் ஏற்பட்ட குறைவு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். பிரிக்கும் அமைப்பையும் கணினியின் தர்க்கத்தையும் திருத்திய பின், 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்ட்டிலும் நடந்த ஏவுதல்கள் வெற்றி பெற்றன.

கேள்வி: 2017இல் இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. ஒன்றே 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுசென்றதே. பிறகு 500 கிலோ மட்டும் சுமக்கும் சிறு ராக்கெட் எதற்கு?

பதில்: ஒரு கிலோவுக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்தால் பெரிய ராக்கெட்டில் இடம் பிடிப்பதே பெரும்பாலும் மலிவு. ஆனால் அதில் போகும் சிறு செயற்கைக்கோள், முதன்மைச் செயற்கைக்கோள் புறப்படும் நாளையும் அது போகும் பாதையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். தனக்கென ஒரு பாதை வேண்டுவோருக்குச் சிறு ராக்கெட்டே வழி. திட எரிபொருள் முன்பே வார்க்கப்பட்டிருப்பதால், அடுக்குகளைச் சேர்த்து நிறுத்தும் வேலையும் குறைந்த ஆட்களோடு சில நாள்களில் முடிந்துவிடும்.

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் தேவையா?

பதில்: தேவை என்றே கருதுகிறேன். துருவங்களுக்கு மேலாகச் செல்லும் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே சென்றால் இலங்கை குறுக்கிடும் என்பதால், ராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று பிறகு திரும்புகிறது. திரும்புவதற்குச் செலவாகும் ஆற்றல், சுமக்கும் எடையில் இழப்பாகிறது. பெரிய ராக்கெட் இதைத் தாங்கிக்கொள்ளும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கோ அது சுமையின் பெரும்பங்கையே விழுங்கிவிடும். தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது.