ஸ்டார் ஒட்டினால் அன்பு வளருமா? சின்ன வகுப்புகளுக்கான கேள்வி பதில்

நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் பரிவு, தன்னம்பிக்கை, கூட்டு முயற்சி ஆகியவற்றை வளர்ப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை.

கேள்வி: யாராவது உதவி செய்தால் சுவரில் இருக்கும் சார்ட்டில் ஒரு ஸ்டார் ஒட்டுகிறேன், மேடம். முதல் வாரம் பிரமாதமாகப் போனது. இப்போது பென்சிலை எடுத்துக் கொடுத்த கையோடு "மிஸ், ஸ்டார்?" என்று வந்து நிற்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: தப்பு பிள்ளைகளிடம் இல்லை, ஸ்டாரில் இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் வகுப்பில் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. ஆக, கெடுப்பது பரிசு அல்ல, "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்ற பேரம். உதவி செய்வதிலும் இதே கதைதான். 20 மாதக் குழந்தைகளை வைத்து வார்னகன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவிக்குப் பரிசுப் பொருள் பெற்றுப் பழகியவர்கள் பிறகு குறைவாகவே உதவினார்கள்.

சார்ட்டை ஒரே நாளில் கிழித்து எடுத்துவிடாதீர்கள். ஏழெட்டு ஸ்டார் சேர்த்தவன் ஏமாந்துபோவான். மீதிக் கட்டங்களை வகுப்பு மொத்தமாகச் சேர்ந்து நிரப்பட்டும், அதோடு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு செயலையும் அதன் பலனையும் மட்டும் சொல்லுங்கள்: "சிவப்பு க்ரேயானை நகர்த்தி வைத்தாய், அவளால் படத்தை முடிக்க முடிந்தது." "நல்ல பிள்ளை" என்ற பட்டம் வேண்டாம். அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். வகுப்புக்கே கேட்கும்படி அறிவித்தால் அதுவும் இன்னொரு ஸ்டார்தான்.

கேள்வி: நான்கு பேர் குழுவாகப் போஸ்டர் செய்யச் சொன்னால் ஒருத்தியே எல்லாவற்றையும் செய்கிறாள். மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

பதில்: தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை தனியாகத்தான் முடிக்கும். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய 'ஜிக்சா' முறையின் சூட்சுமமே, பாடத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பிள்ளையிடம் மட்டும் கொடுத்து, அதை மற்றவர்களுக்கு அந்தப் பிள்ளையே சொல்லித்தர வைப்பதுதான். ஆனால் அது சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. ஆறு வயதுக்குக் கோப்பை அடுக்கும் விளையாட்டு பொருத்தம்.

ஒரு குழுவுக்கு வேண்டியவை 6 காகிதக் கோப்பைகள், அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று, 60 செ.மீ. நீளத்தில் 4 நூல்கள். நூல்களை ரப்பர் பேண்டில் சம இடைவெளியில் கட்டுங்கள். கோப்பைகளைக் கவிழ்த்து வையுங்கள். ஆளுக்கொரு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் ரப்பர் விரியும். கோப்பைக்கு மேலே கொண்டுபோய்த் தளர்த்தினால் கவ்விப் பிடிக்கும். கையால் கோப்பையைத் தொடாமல் 3, 2, 1 என்று மூன்று வரிசையாக அடுக்க வேண்டும். ஒருவர் நூலை விட்டாலும் கோப்பை விழும். ஆகவே யாரும் சும்மா நிற்க முடியாது, ஒருத்தியே எல்லாவற்றையும் செய்யவும் முடியாது.

சொதப்பும் இடங்கள் சில உண்டு. ரப்பர் பேண்டின் விட்டம் கோப்பையின் வாயைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். அதே அளவில் இருந்தால் பிடிக்காது. மெல்லியதாக இருந்தால் அறுந்து கண்ணில் படலாம், அதனால் முன்பே நன்றாக இழுத்துப் பாருங்கள். ஆள் குறைகிறார்கள் என்று இரண்டு நூலோடு நிறுத்திவிடாதீர்கள்: இரு பக்கம் மட்டும் இழுத்தால் ரப்பர் தட்டையாகிவிடும், கோப்பை உள்ளே நுழையாது. குறைந்தது மூன்று நூல் வேண்டும். குழுக்களுக்குள் போட்டி வைக்காதீர்கள். போட்டி என்றதும் "உன்னால்தான் விழுந்தது" என்ற பேச்சு வந்துவிடும். முதல் முயற்சி பெரும்பாலும் தோற்கும், தோற்கட்டும். இரண்டு நிமிடம் நிறுத்தி, "யார் எப்போது இழுக்க வேண்டும் என்று எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு நிமிடம்தான் உண்மையான பாடம்.

கேள்வி: என் பையனுக்கு 5 வயது. வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில் அவன் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறான் என்று டீச்சர் சொல்கிறார். "பேசு, பேசு" என்று எல்லோரும் உற்சாகப்படுத்தியும் பயனில்லை.

பதில்: அந்த உற்சாகம்தான் அவனை அழுத்துகிறது. இருபது ஜோடிக் கண்களும் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுகின்றன. டீச்சரிடம் மூன்று மாற்றங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, வட்டத்துக்கு முன்னால் பக்கத்திலிருப்பவரோடு ஒரு நிமிடம் பேச விடுவது. ஒருமுறை சொல்லிப் பார்த்ததை இன்னொருமுறை சொல்வது எளிது. இரண்டு, 'பாஸ்' சொல்லும் உரிமை. சுற்று முடிந்ததும் பாஸ் சொன்னவர்களிடம் "இப்போது சொல்கிறாயா?" என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். மூன்று, காத்திருப்பது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து காட்டினார். மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் வாய் திறக்கிறார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால் போதும்.

வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தை பள்ளியில் யாரிடமும் பேசாமலேயே, புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தைத் தாண்டியும் இருந்தால் அதை வெறும் கூச்சம் என்று விட்டுவிட வேண்டாம். குழந்தை உளவியலாளரிடமோ பேச்சு சிகிச்சையாளரிடமோ காட்டுங்கள்.

கேள்வி: மியூசிக்கல் சேரில் முதலில் வெளியேறுபவர்கள் அழுகிறார்கள். மாற்று வழி உண்டா?

பதில்: நாற்காலியை எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். இசை நின்றதும் எல்லோரும் மிச்சமிருக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும். நாற்காலி சரிந்து விழும் அபாயம் உண்டு, அதனால் நாற்காலிக்குப் பதில் தரையில் விரித்த செய்தித்தாள் மேல் நிற்கட்டும். ஆனால் வழவழப்பான தரையில் தாள் வழுக்கும்; நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். 10 பேருக்கு 10 தாளில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்து 4-இல் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் தள்ளுமுள்ளுதான். பிறர் மேலே படுவது பிடிக்காத பிள்ளைகளுக்கு, ஒரு பாதம் தாளில் பட்டால் போதும் என்று விதியைத் தளர்த்தலாம்.

கேள்வி: காகித இதயத்தைக் கசக்கிக் காட்டி, "சுடுசொல் இப்படித்தான், சுருக்கம் போகாது" என்று சொல்லும் செயல்பாடு 5 வயதுக்குச் சரியா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வயதில் கசக்குவதுதான் குஷி, உவமை மனதில் ஏறாது. ஏறினாலும், செய்த தவறைச் சரிசெய்யவே முடியாது என்ற செய்திதான் மிஞ்சும். தேவை அதற்கு நேர்மாறானது: ஒருவன் கட்டிய கோபுரத்தை இன்னொருவன் தட்டிவிட்டால், "ஸாரி சொல்" என்று வற்புறுத்தாமல், "அவனுக்கு இப்போது என்ன செய்தால் உதவியாக இருக்கும்? அவனிடமே கேள்" என்று அனுப்புங்கள். திரும்பக் கட்ட உதவலாம், கட்டைகளைப் பொறுக்கித் தரலாம். "ஒன்றும் வேண்டாம், போ" என்ற பதில் வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: "உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்" என்று ஒரு பெண்ணை மட்டும் ஒதுக்குகிறார்கள். அறிவுரை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பதில்: "நானும் வரட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறது. விளையாட்டுக்குத் தேவையான ஒரு வேலையோடு அவளை உள்ளே அனுப்புங்கள். கடை விளையாட்டா? கையில் ஒரு பையைக் கொடுத்து, "சாமான் வாங்க வந்திருக்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் இல்லாமல் கடை எப்படி நடக்கும்? நீங்களும் முதல் இரண்டு நிமிடம் இன்னொரு வாடிக்கையாளராக உடன் நின்றுவிட்டு, மெல்ல நழுவிவிடுங்கள்.