சப்வூஃபர் அதிர்ந்தால் ஹெட்லைட் மங்குவது ஏன்? கார் கெபாசிட்டர் குறித்த கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: என் காரில் சப்வூஃபருக்காக 1000 வாட் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பொருத்தியிருக்கிறேன். பேஸ் (அடித்தொனி) ஒலிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கெபாசிட்டர் ஒன்றை, 1 ஃபாரட் (கொள்ளளவின் அலகு) அளவில் வாங்கினால் சரியாகிவிடுமா?

வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுங்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது 1 ஃபாரட் கெபாசிட்டர் தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 32 ஜூல்தான். உங்கள் ஆம்ப் 75 சதவீதச் செயல்திறனுடன் (இழுக்கும் மின்சாரத்தில் முக்கால் பங்கே ஸ்பீக்கருக்குப் போகும்) முழு வீச்சில் இயங்கினால் சுமார் 1,330 வாட் இழுக்கும் என்பதால், அந்த 32 ஜூல் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்திலேயே தீர்ந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஒரே ஓர் அலைக்கு ஆகும் நேரம் அவ்வளவுதான். டிரம் அடிக்கும் கணத்தில் மட்டும் ஏற்படும் சரிவை அது தாங்கும். நீண்டு ஒலிக்கும் பேஸைத் தாங்காது. கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது. தண்ணீர் லாரி வராத தெருவில் வாசலில் கூடுதலாக ஒரு குடம் வைப்பதால் என்ன பயன்?

அம்பத்தூர் வாசகர்: அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

மல்டிமீட்டரிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் நிலையாக இருந்து, ஆம்ப்பில் மட்டும் 12.5 ஆக இறங்கினால் குற்றம் வயரிலோ எர்த்திலோ (ஆம்ப்பின் மைனஸைக் காரின் இரும்பு உடலோடு இணைக்கும் இடம்) இருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வயர்களில் பல தாமிரம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் தாமிரத்தில் ஏறத்தாழ 60 சதவீதமே. எர்த் வயரை முறுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரிகிறதா என்று பாருங்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதிக் குறை இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்திருக்கிறது. இரண்டு முனைகளிலும் ஒருசேர 13 வோல்ட்டுக்குக் கீழே போனால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும்தான் கவனிக்க வேண்டும்.

பெரம்பூர் வாசகர்: புதிய கெபாசிட்டரை இணைத்தபோது பெரிய தீப்பொறி பறந்தது. பழுதான பொருளைத் தந்துவிட்டார்களா?

இல்லை. காலியான கெபாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொள்ளும். எர்த்தை முதலில் இணைத்துவிட்டு, பாசிட்டிவ் முனைக்கு 12 வோல்ட் பல்பு ஒன்றின் வழியாக மின்சாரம் செலுத்துங்கள்; பிரகாசமாக எரியும் பல்பு மெல்ல அணைந்தால் கெபாசிட்டர் நிறைந்துவிட்டது என்று பொருள். கழற்றும்போதும் அதே பல்பைக் கொண்டு காலி செய்யுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கக்கூடும். மோதிரத்தையும் கழற்றிவிடுவது நல்லது.

தாம்பரம் வாசகர்: இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. கெபாசிட்டர்தான் காரணமா?

அதன் மேலிருக்கும் எண் காட்டும் திரை காரணமாக இருக்கலாம். அது அணையாமல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 14 நாளில் ஏறக்குறைய 17 ஆம்பியர் மணி போய்விடும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் அது பாதி. ஆம்ப்பை இயக்கி அணைக்கும் ரிமோட் வயரோடு சேர்ந்து அந்தத் திரை அணையும்படி இணைக்கச் சொல்லுங்கள்.

ராயபுரம் வாசகர்: கெபாசிட்டரை எங்கே பொருத்த வேண்டும்?

ஆம்ப்பிலிருந்து ஓரிரு அடிக்குள் பொருத்துங்கள். வயர் நீண்டால் கெபாசிட்டர் மின்சாரம் தரும் வேகம் கெடும். வெயில் நேரடியாகப் படும் பின் கண்ணாடிக்கு அடியில் வேண்டாம். எலக்ட்ரோலைடிக் (உள்ளே ரசாயனத் திரவம் கொண்ட) வகைக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். சென்னையின் மே மாதத்தில் மூடிய காருக்குள் எவ்வளவு கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.